தேரிக்காட்டுக் குடிசையில் பன்னிரண்டு குடம்

குபேந்திரன் கம்பெனி வேலையாக ஒரு மாதம் வெளிநாடு போய்விட்டு வந்ததிலிருந்துதான் இதெல்லாம் தொடங்கியது. கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றில் அவன் சூப்பர்வைசர். புது மெஷினைப் பழகிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். மெஷினைப் பழகினான். கூடவே ஒரு விடுமுறையில் அங்கே சிலர் சைக்கிள் ஓட்டுவதையும் பார்த்துவிட்டு வந்தான். மலையில் கிளம்பி, நாள் முழுக்கக் காட்டுப் பாதையில் மிதித்து, பொழுது சாய ஒரு குடிசையில் தங்கி, மறுநாள் அடுத்த குடிசை என்று போய்க் கடைசியில் பாலைவனத்தில் இறங்குவார்களாம். குடிசையில் ஆள் இருக்காது. சாப்பாட்டுச் சாமான், தண்ணீர், படுக்கை எல்லாம் இருக்கும். பூட்டைத் திறந்து, சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"நம்ம பக்கமும் மலை இருக்குண்ணே. பாலைவனமும் இருக்கு" என்றான்.

"மதுரையில ஏதுடா பாலைவனம்?"

"மதுரையில யாரு சொன்னா? தெக்க போனா தேரிக்காடு. செக்கச்செவேர்னு மணலு. நாலு நாள் மிதிச்சா போயிரலாம்."

நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். வயது ஐம்பத்து மூன்று. குபேந்திரனுக்கு முப்பத்தெட்டு. இருபது வருடமாக அடுத்தடுத்த வீடு. அவன் என்னை 'சேவியர் அண்ணே' என்பான். ஏதாவது கிறுக்குத்தனம் செய்யப்போனால் முதலில் என்னிடம்தான் சொல்வான். நான் வேண்டாம் என்பேன். அவன் செய்வான். இந்த முறை மட்டும் என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டான்.

காரணம் இருந்தது. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்வது என்று முடிவெடுத்து, ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டான். முதலாளி நல்ல மனுஷர். அதைப் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாராம். "திங்கக்கெழம வர்ற வரைக்கும் இதத் தொறக்க மாட்டேன். நீ வந்தா கிழிச்சுப் போட்டுருவேன். வரலைனா வேற ஆளப் பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர்கள் ஆறு பேர் அடுத்த மாதம் வரத் தயாராக இருந்தார்கள். மலையில் தொடங்கிப் பாலைவனத்தில் முடிந்தால் வருகிறோம் என்றார்கள். நடுவே நான்கு குடிசைகள். குடிசைக்காரர்கள் நாலு பேரிடமும் நேரில் போய்த் தங்கி, சரி என்ற வார்த்தையை வாங்க வேண்டும். புதன்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு 'சரி' கிடைத்தால் கப்பலூர் இல்லை. ஒன்று குறைந்தாலும் திங்கட்கிழமை காலை கப்பலூர்.

"அதுக்கு நான் எதுக்குடா?"

"நீங்க போய்ச் சேந்துட்டீகன்னா யாரு வேணாலும் போய்ச் சேந்துரலாம்ணே."

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த சமயம். சொல்லத் தகுந்த காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். கோரிப்பாளையம் சிக்னலில் பால் வண்டிக்காரர் ஒருவர் என் தலைக்கவசத்தையும் முழங்கால் பட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கண்ணே, சண்டைக்கா?" என்று கேட்டார். பச்சை விழுந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை.

நாகமலையை வெளியூர்க்காரர் யாராவது மலை என்று ஒப்புக்கொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் சைக்கிளில் அதன் ஓரமாகப் போகிறவன் ஒப்புக்கொள்வான். குபேந்திரன் தேர்ந்தெடுத்த பாதையில் ஆடுகள்கூட யோசித்துத்தான் கால் வைத்தன. முதல் ஏற்றத்திலேயே நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். விறகுக் கட்டோடு எதிரே வந்த ஒரு பெண் நின்று சைக்கிளைப் பார்த்தாள்.

"இதுல எம்புட்டு கியரு இருக்கு?"

"இருபத்தேழும்மா."

"அம்புட்டும் இருந்தும் தள்ளிக்கிட்டுத்தேன் வாரீகளா?"

குபேந்திரன் முன்னால் போய்க்கொண்டே சிரித்தது எனக்குக் கேட்டது.

வழியில் சாப்பிட அவன் மனைவி பத்மா கல்யாண முருங்கை இலை போட்டு வடை கொடுத்துவிட்டிருந்தாள். பத்து மணிக்குள் தீர்ந்துபோனது. அதன் பிறகு அன்றைக்கு நினைத்து மகிழ ஒன்றுமில்லை. வெயில், கல், நாய். மேற்கே பெரிய மலை நெருங்க நெருங்கக் காற்று மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது.

முதல் குடிசை மலையடிவாரத்து மாந்தோப்பில் இருந்தது. காவல்காரர் பெயர் மொக்கச்சாமி. வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தோம். களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். குபேந்திரன் கவிச்சி தொடமாட்டான் என்று தெரிந்ததும், ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவரைப் போலத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாலு வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் உப்போடு நசுக்கி, அதை அவனிடம் நீட்டி, அவன் முழுதாகச் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

குபேந்திரன் விஷயத்தைச் சொன்னான். மாதம் இரண்டு தடவை, தடவைக்கு ஆறு பேர்.

"ஆறு பேருதானே? தாராளமா வரட்டும். உள்ள ஒண்டிக்கிரலாம்."

"நீங்க எங்க படுப்பீக?"

"நான் இன்னைக்கு எங்க படுக்கப்போறேன்? மரத்தடியிலதேன்."

அப்போதுதான் கவனித்தேன். இருந்த ஒரே கட்டிலில் எங்களுக்காகப் போர்வை விரித்திருந்தது. மரத்தடியில் இரண்டு சாக்கு கிடந்தது. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வெளிநாட்டில் குடிசையைக் காலியாக வைத்திருக்கிறார்கள். இங்கே நாம் வருகிறோம் என்றால் குடிசையைக் காலி செய்கிறார்கள் என்று குபேந்திரனிடம் சொன்னேன். அவன் அதற்குள் போனில் இருந்தான். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எனக்குப் பேச வராது, ஆனால் சுவரோடு சுவராக இருந்ததில் புரியும்.

"ஒண்ணு ஆச்சு" என்றான்.

"இன்னும் மூணு" என்றாள் பத்மா.

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவள் இந்தத் திட்டத்தை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. தினமும் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமையைக் கருவேலமுள் நாள் என்று சொல்லலாம். மலையோரத்தை விட்டுச் சமவெளிக்கு இறங்கியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வெளிநாட்டு மலைகளுக்காகச் செய்த டயர் நம் ஊர் முள்ளுக்கு எந்த மூலைக்கு? மதியத்துக்குள் ஏழு பஞ்சர். ஏழாவதைப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. வாழைத்தார் ஏற்றிப்போன லோடு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, சைக்கிளோடு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். குபேந்திரன் ஏற மறுத்தான். "அப்ப எப்படிண்ணே மிதிச்ச கணக்குல வரும்?" என்றான். எந்தக் கணக்கும் என் முழங்காலுக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆறு கிலோமீட்டர் சொர்க்கம்.

இரண்டாவது இடம் குடிசை அல்ல, மோட்டார் ரூம். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே, கிணற்றோரம். உரிமையாளர் வேல்ராஜ் மீசையை முறுக்கிக்கொண்டே சிரிக்கிற ஆள். எங்களைப் பார்த்ததும் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் கொட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. குபேந்திரன் சைக்கிளைக் குளிப்பாட்டினான். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று வைத்திருந்தான். செயினில் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தான். தூசி போய்விட்டால்தான் கியர் விழுமாம்.

"நல்லாக் கழுவுங்க மாப்ள. தண்ணிக்கென்ன, கெடக்கு" என்றார் வேல்ராஜ்.

அவரும் சரி என்றார். சொன்னதோடு, அந்த ஆறு பேரும் எத்தனை மணிக்கு வருவார்கள், மோர்க்குழம்பு பிடிக்குமா என்றெல்லாம் கேட்டார். மதுரையில் நாங்கள் குளித்துவிட்டுத்தான் ராத்திரிச் சாப்பாட்டில் உட்காருவோம். வெயிலில் அலைந்த நாளில் கேட்கவே வேண்டாம். ஆகவே நாங்கள் குளிப்பதும், அவன் சைக்கிளைக் கழுவுவதும், பிறகு சாப்பிடுவதும் பயணத்தின் சட்டமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கரிசல்காட்டில் இருந்தோம். வானத்தைப் பார்த்தால் மழை வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதினோரு மணிக்கு வந்தது. இருபது நிமிடம்தான். ஆனால் கரிசல் மண் நனைந்தால் சக்கரம் சுற்றாது. அரை அடி கனத்துக்கு டயரில் அப்பிக்கொண்டது. குச்சியால் சுரண்டினோம், பத்தடி போனோம், மறுபடியும் சுரண்டினோம். கடைசியில் இரண்டு பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "காலு நல்லாத்தானே இருக்கு, பெறகு அத ஏன் சொமந்துக்கிட்டுப் போறாங்க?" என்று ஒருத்தி அடுத்தவளிடம் கேட்டாள். நியாயமான கேள்வி.

மூன்றாவது குடிசை நடமாடுவது. மந்தையோடு காடு காடாகப் போய் ஆட்டுக்கிடை போடுகிற கீதாரி ஒருவருடையது. பனையோலையால் செய்த கூடு, கவிழ்த்த கூடையளவுதான். உள்ளே ஊர்ந்துதான் போக வேண்டும். ஒருவர் கால் நீட்டலாம், இரண்டாமவர் மடக்க வேண்டும். நான் வயதைச் சொல்லி நீட்டிக்கொண்டேன். கீதாரி முந்நூறு ஆடுகளுக்கு நடுவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டுப்பாலில் டீ போட்டுக் கொடுத்தார். அவ்வளவு கெட்டியான டீயை நான் மதுரையில் எங்கேயும் குடித்ததில்லை. ஆட்டுப் புழுக்கை வாசம் மூன்றாவது மடக்குக்குப் பிறகு தெரியவில்லை.

குபேந்திரன் தன் பாட்டைப் பாடினான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வரட்டும், எனக்கென்ன? ஆனா அடுத்த மாசம் நான் எங்கன கெடப்பேன்னு எனக்கே தெரியாதே."

"போன் போட்டா சொல்லுவீகளா?"

"சொல்லுவேன். பக்கத்துல கெடந்தா வாங்க. தூரத்துல கெடந்தா இன்னொரு கீதாரியக் கைகாட்டி விடுறேன்."

இதைச் 'சரி' என்று எடுத்துக்கொள்ளலாமா என்று நாங்கள் விவாதித்தோம். குபேந்திரன் எடுத்துக்கொண்டான். பத்மாவிடம், "இரண்டே முக்கால் ஆச்சு" என்றான். அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அது முதல் தடவை. அவன் முகம் வெளிச்சமாகிவிட்டது. இவன் ஜெயித்துவிடுவான் போலிருக்கிறதே என்று எனக்குப் பட்டது. ஜெயிக்க வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை தேரிக்குள் நுழைந்தோம்.

அதுவரை கேள்விப்பட்டதுதான். தார் ரோட்டை விட்டு இறங்கி, முந்திரித் தோப்பும் பனைகளும் தாண்டியதும் மண் நிறம் மாறியது. செம்மண் இல்லை, சிவப்பு மணல். மேடு மேடாக, கண்ணுக்கு எட்டியவரை. காற்று அதன்மேல் வரி வரியாகக் கோடு போட்டிருந்தது. சத்தம் எதுவும் இல்லை. சைக்கிள் சக்கரம் பாதி புதைந்தது. குபேந்திரன் டயரில் காற்றைக் குறைத்தான். அப்போது கொஞ்சம் மிதந்தது. ஒரு மேட்டின் தலையில் நின்று அவன், "இது போதும்ணே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மணல் விழுந்துவிட்டது என்றான். இருக்கலாம்.

நான்காவது குடிசையைச் சொன்னவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் முருகேசன். அவருடைய அக்கா செல்வக்கனிக்குத் தேரி ஓரத்தில் கொஞ்சம் நிலம், அதில் ஒரு ஓலைக் குடிசை. "அக்கா ஊருக்குள்ள இருக்கும். காலையில வரும். குடிசை சும்மாத்தேன் கெடக்கும், போய் இருந்துக்கங்க. எல்லாம் இருக்கும்" என்றிருந்தார்.

பொழுது இருக்கும்போதே போய்விட்டோம். குடிசையில் யாரும் இல்லை. கதவுக்குப் பதில் ஒரு தட்டி. உள்ளே பாய் இரண்டு, அடுப்பு, விறகு, ஒரு டப்பாவில் காப்பித்தூள், கருப்பட்டி. குடிசைக்குப் பின்னால் நிழலில் பன்னிரண்டு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர். மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்தது.

குபேந்திரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீகளாண்ணே! அங்க இருக்க மாதிரியே! ஆளு இல்ல, சாமான் இருக்கு, தண்ணி நெறச்சு வச்சிருக்கு. நான் சொன்னப்ப யாரு நம்புனா?"

நானும் நம்பினேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் பிடித்து வீட்டு வாசலில் குடங்களை இப்படித்தான் அடுக்கியிருப்போம். தீர்ந்தால் அடுத்த லாரி. குடத்தைப் பார்த்தவுடன் எனக்கு வேறு எந்த யோசனையும் வரவில்லை. உடம்பெல்லாம் சிவப்பு மணல். நான் இரண்டு குடம் ஊற்றிக் குளித்தேன். அவன் மூன்று. சைக்கிள் செயினில் மணல் புகுந்திருந்தது. அதற்கு இரண்டிரண்டு. நூடுல்ஸ் கிண்டவும், பாத்திரத்தையும் காலையும் கழுவவும், துணி அலசவும் மீதி. கடைசிக் குடத்தில் பாதி நின்றது.

பத்மாவிடம் போனில், "நாலாவதும் முடிந்த மாதிரிதான். காலையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்" என்றான். அவள், "சரி, நாளைக்குச் சொல்லுங்கள்" என்றாள். நன்றாகத் தூங்கினோம்.

செல்வக்கனி ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போது வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இரண்டையும் இறக்கிவைத்தார். இரண்டும் வெறுங்குடம். வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கக் கிளம்பியவர், குழாயில் தண்ணீர் வர நேரம் இருந்ததால், வந்தவர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"வந்து சேந்துட்டியளா? ராத்திரி தூக்கம் வந்துச்சா?"

"நல்லா வந்துச்சுக்கா."

குடிசைக்குப் பின்னால் போனார். நாங்களும் போனோம். ஒவ்வொரு குடமாக விரலால் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலிக் குடங்கள் லேசாக ஆடி நின்றன.

"குளிச்சியளோ?"

"ஆமாக்கா" என்றான் குபேந்திரன். பிறகு, சொல்லாமல் விட்டால் தப்பு என்று நினைத்தோ என்னவோ, "வண்டியவும் கழுவினோம்" என்றான்.

"சரி" என்றார் அவர்.

திரும்பி நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். சாயங்காலம் வந்தபோது செடி என்று கண்ணில் பட்டது, அதற்கு மேல் பார்க்கவில்லை. முழங்கால் உயரத்தில் முந்திரிக் கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் பனைமட்டை வைத்து நிழல் கட்டியிருந்தது. அறுபது கன்றுகள். அடைமழையில் நட்டது. இது முதல் கோடை. ஒரு குடம் ஐந்து கன்றுக்கு. வாரம் ஒரு தடவை. ஊர்க் குழாயிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மணலில் நடந்து, காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாள் சுமந்த தண்ணீர் அது. ஞாயிற்றுக்கிழமைதான் ஊற்றுகிற நாள். நாங்கள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலில் கோபமில்லை. ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. மீதியிருந்த அரைக் குடத்தில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. அந்தக் காப்பியைக் குடித்ததுபோல எதையும் நான் கூசிக்கூசிக் குடித்ததில்லை.

குபேந்திரன் டம்ளரைக் கழுவப்போய், கழுவாமல் வைத்தான். "அக்கா, நாங்க கொண்டாந்துருதோம்" என்று அவர் பேச்சிலேயே பேசினான்.

அங்கேதான் எங்கள் சைக்கிளின் லட்சணம் தெரிந்தது. இருபத்தேழு கியர், டிஸ்க் பிரேக், மலையில் குதித்தாலும் தாங்கும் ஃபோர்க். ஒரு குடத்தை வைக்க இடமில்லை. கேரியர் கிடையாது. மாற்று டியூப்களை வெட்டிக் கயிறாக்கி, இரண்டிரண்டு குடங்களின் கழுத்தைச் சேர்த்துக் கட்டி, சீட்டுக்கு முன்னால் பார்மேல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டோம். ஏறி உட்கார முடியாது. தள்ள வேண்டியதுதான்.

குழாயடியில் குடங்கள் வரிசையில் இருந்தன. அவர் வீட்டுக்கான இரண்டு குடத்துக்குப் பின்னால் எங்கள் நான்கு குடங்களையும் கடைசியில் வைத்தோம். பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வக்கனி நடந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. "தம்பி கடையில டீ குடிக்கிறவுக, மதுரையிலேருந்து வந்திருக்காவ" என்று மட்டும் சொன்னார். எங்கோ ஆலயமணி அடித்தது. எங்கள் சபை இல்லை. ஆனாலும் பூசைக்குப் போகாமல் குழாயடியில் நிற்கிறேனே என்று நினைத்தேன். பிறகு, நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றியது.

முதல் நடையில் நான்கு குடம் கொண்டு சேர்த்தோம். மணலில் சைக்கிள் சாயும்போதெல்லாம் குடம் தளும்பும். தளும்பும் ஒவ்வொரு தடவையும் குபேந்திரன், "ஐயோ" என்றான். இரண்டாவது நடையில் என் சைக்கிள் கவிழ்ந்தது. ஒரு குடம் வாய் பிளந்தது. தண்ணீர் விழுந்த இடம் நான் குனிந்து எழுவதற்குள் காய்ந்துவிட்டது. மூன்றாவது நடைக்குப் போனபோது குழாய் நின்றிருந்தது. ஆக ஏழு குடம். முப்பத்தைந்து கன்று. இருபத்தைந்துக்கு இல்லை.

எந்த இருபத்தைந்து என்பதை அவர்தான் முடிவு செய்தார். வரிசையில் நடந்து, இலையைத் தொட்டுப் பார்த்து, "இது நாளைக்குத் தாங்கும்", "இதுக்கு ஊத்துங்க" என்றார். ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த கன்றுக்கு நகர்ந்தார். அந்தக் கன்றின் நுனி கருகியிருந்தது.

மணி பதினொன்றரை. மதுரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். குபேந்திரன் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. மூன்று இடத்திலும் வந்த பத்தாவது நிமிடத்தில் ஆரம்பித்தவன், இங்கே டியூப் கயிற்றை அவிழ்த்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்வக்கனியே கேட்டார்.

"முருகேசன் சொன்னான். மாசம் ரெண்டு தடவ ஆறு ஆறு பேரா வருவாவன்னு. அப்படியா?"

"ஆமாக்கா" என்றான்.

அவர் குடங்களைப் பார்த்தார். விரலை மடக்கினார்.

"ரெண்டு பேருக்குப் பன்னெண்டு. ஆறு பேருக்கு முப்பத்தாறு. கன்னுக்கும் ஊத்தணும்." கொஞ்சம் யோசித்தார். "கொடம் காணாது. டிரம் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடலாம். வாரதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போன் போட்டுச் சொல்லிருங்க. சொமந்து வச்சிருதேன்."

கிண்டல் இல்லை. இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்த்தேன், துளிகூட இல்லை. விருந்தாளி வந்தால் குளிப்பார்கள். குளிக்கத் தண்ணீர் வேண்டும். அவருக்கு அது கணக்கு மட்டும்தான்.

நான்காவது 'சரி' கிடைத்துவிட்டது. மற்ற மூன்றைவிடத் தெளிவான 'சரி'.

"வேண்டாம்க்கா" என்றான் குபேந்திரன். "அவுக வரல."

"ஏன், எடம் பிடிக்கலியா?"

"எடம் நல்ல எடம்க்கா" என்றான். டியூப் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டான்.

தார் ரோடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. நாலு நாள் முழங்கால் தேய மிதித்தது இதற்கா? தண்ணீர்தானே பிரச்சினை, ஒரு வண்டியில் கேன் போட்டு முதல் நாளே இறக்கிவிட்டால் போயிற்று என்றேன். குளிக்காமல் ஒரு நாள் இருக்கச் சொன்னால் போயிற்று என்றேன். எனக்கே என் பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

"அதெல்லாம் நானும் ஓசிச்சுப் பாத்துட்டேண்ணே" என்றான். "நாம அம்பது கேன் இறக்குனாலும், ஆளு வருதுன்னு தெரிஞ்சா அந்தக்கா சொமந்து வைக்கும். வேணாம்னா கேக்கும்னு நெனைக்கிறீக?"

கேட்க மாட்டார்தான். மீதியிருந்த அரைக் குடத்திலும் எங்களுக்குக் காப்பி போட்டவர் அவர்.

பஸ்ஸில் பத்மா கூப்பிட்டாள். "நாலு ஆச்சா?" என்று சௌராஷ்டிரத்தில் கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாளைக்குக் காலையில் டிபன் பாக்ஸ் கட்டிவிடு" என்றான். பிறகு என்ன கேட்டாளோ, அவன், "கொடுத்தார்கள் பத்மா. நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை" என்றான்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு அவன் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். கப்பலூர் யூனிபார்ம் சட்டையைப் போட்டிருந்தான். "வாரேண்ணே" என்றான். நான் தலையாட்டினேன். பல் விளக்கக் குழாயைத் திறந்தேன், உடனே மூடினேன். இந்நேரம் அந்த அம்மா அந்த இருபத்தைந்துக்கு முதல் இரண்டு குடத்தைச் சுமந்துகொண்டு மணலில் நடந்துகொண்டிருப்பார்.